தலைநகருக்குச் செல்வோர் காண வேண்டியவை

வெளியூரார் வந்து குவிவதில் திருவண்ணாமலைக்கு இணையான ஊர்கள் தமிழகத்தில் மிகச் சிலவே. முழுநிலவு நாள்தோறும் இலட்சக்கணக்கானோர் அங்கு மலையைச் சுற்றி நடக்கின்றனர். சுமார் 14 கிலோமீட்டர் நீளமுள்ள அப்பாதையின் ஓரத்தில் அமைந்த சிற்றூரே அடி அண்ணாமலை. அங்குள்ள தேநீர்க் கடைக்காரர் முதல் ஆட்டோ ஓட்டுநர் வரை, எந்த மாநிலத்தார், எந்த நாட்டார் வந்தாலும் வழி சொல்லிப் பழகியவர்கள். விருந்தினரை வரவேற்கத் தெரிந்த அத்தகைய ஊரிலிருந்து ஒரு குடும்பம் தானே விருந்தாளியாகித் தலைநகர் சென்னைக்குப் புறப்படும்போது, எதைக் கண்டுவிட்டுத் திரும்புகிறது?

நம் குடும்பங்களில் சென்னைப் பயணம் என்பது பெரும்பாலும் நான்கு காரியங்களுக்கே நிகழ்கின்றது. மருத்துவமனை ஒன்று, வளைகுடா நாடு செல்லும் மகனையோ கணவரையோ வழியனுப்பும் விமான நிலையம் ஒன்று, பாஸ்போர்ட், விசா அலுவல்கள் ஒன்று, திருமணத்திற்குத் துணிமணி எடுக்கத் தியாகராய நகர் ஒன்று. சென்னைக்குப் பலமுறை போய் வந்த நம் தாய்மார்களிடம் அந்நகரைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். மருத்துவமனையின் நீண்ட வராந்தாவும், பேருந்து நிலையத்து நெரிசலும் அவர்கள் நினைவுக்கு வரும், வேறெதுவும் வராது. ஆண்கள் அலுவல் பார்க்கவும் தொழவும் உள்ளே செல்ல, பெண்கள் பைகளைக் காத்துக்கொண்டு வெளியே அமர்ந்திருப்பதுதான் அவர்களுடைய 'சென்னை'.

இது வெறும் பொழுதுபோக்குக் குறை அன்று. பூமியில் பயணம் செய்து, முன்சென்றோரின் நிலையைக் கண்டு சிந்திக்குமாறு திருமறை நம்மைப் பன்முறை அழைக்கின்றது. அந்த அழைப்பு ஆண்களுக்கு மட்டும் உரியதன்று. மேலும், தாம் வாழும் மாநிலத்தின் தலைநகர் எவ்வாறு உருவாயிற்று, அதில் நம் முன்னோர் பங்கு யாது, பிறர் பங்கு யாது என்பதை அறியாமல் வளரும் பிள்ளை, நாளை யாரேனும் "உனக்கு இங்கே என்ன உரிமை?" என்று கேட்டால் விடை தெரியாமல் நிற்கும், அல்லது, "எல்லாம் எங்களுடையதே" என்று வீண் பெருமை பேசும். இவ்விரண்டிலிருந்தும் பிள்ளைகளைக் காக்கும் எளிய வழி, நகரை நேரில் காட்டுவதே. இவ்விதழில் அதற்கொரு திட்டம் வகுப்போம்.

வழியிலேயே தொடங்கும் பாடம்

2024 மே மாதம் முதல் திருவண்ணாமலைக்கும் சென்னைக் கடற்கரை நிலையத்திற்கும் இடையே நேரடியாகப் பயணிகள் ரயில் இயங்குகின்றது. வேலூர், காட்பாடி, அரக்கோணம் வழியாக அது செல்லும். பேருந்தைவிட நேரம் சற்றுக் கூடினாலும், சிறு பிள்ளைகளுடன் செல்வோர்க்குக் கட்டணமும் குறைவு, களைப்பும் குறைவு.

இவ்வழியில் காட்பாடிக்கும் அரக்கோணத்திற்கும் நடுவே 'வாலாஜா ரோடு' என்றொரு நிலையம் வரும். பெயர்ப் பலகையைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். ஆற்காட்டு நவாப் முஹம்மத் அலீ வாலாஜாவின் பெயர் அது. தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856 ஜூலை 1 அன்று சென்னை இராயபுரத்திலிருந்து புறப்பட்டு இந்த வாலாஜா ரோடு வரை வந்தது. அன்று அந்த முதல் ரயில் எங்கு வந்து முடிந்ததோ, அங்கிருந்து நீங்கள் எதிர்த்திசையில் செல்கிறீர்கள் என்று சொன்னால், சன்னலோரத்துப் பிள்ளையின் கண்கள் விரியும். சென்னைக்குள் நுழைந்து, அந்தப் பழைய இராயபுரத்தைத் தாண்டியே உங்கள் ரயிலும் கடற்கரை நிலையத்தை அடைகின்றது.

கடற்கரை நிலையத்திலிருந்து

நிலையத்தைவிட்டு வெளியே வந்ததும் காண்பது பர்மா பஜார். பர்மாவில் 1962-இல் இராணுவ ஆட்சி ஏற்பட்டபின், தலைமுறைகளாக அங்கு வணிகம் செய்த தமிழர்கள் கடைகளையும் உடைமைகளையும் இழந்து திரும்பினர். இந்துக்களும் முஸ்லிம்களுமாக வந்த அம்மக்களின் பிழைப்புக்கு 1969-இல் ஏற்பட்ட கடைவரிசையே இது. இப்பகுதியின் தெருவோரங்களில் விற்கும் 'அத்தோ' என்னும் பர்மிய உணவும் அவர்கள் கொண்டுவந்ததே. இரங்கூனில் கடை வைத்திருந்த பாட்டனாரைப் பற்றிப் பேசும் இல்லங்கள் நம்மிலும் உண்டன்றோ? அவ்வில்லத்துப் பிள்ளைகள் இங்குச் சிறிது நேரம் நிற்கட்டும்.

அருகிலேயே மண்ணடி. காயல்பட்டினம், கீழக்கரை முதலிய கடற்கரை ஊர்களின் வணிகர்கள் தலைநகரில் தொழில் நடத்திய பகுதி. அங்கிருந்து சில தெருக்கள் நடந்தால் அரண்மனைக்காரத் தெரு வரும். பெயரைக் கேட்டு அங்கே அரண்மனை இருந்ததோ என்று மயங்க வேண்டா. 'அர்மீனியர்' என்ற சொல்லே மக்கள் நாவில் அவ்வாறு திரிந்தது. ஈரானிலிருந்தும் பிற கீழை நாடுகளிலிருந்தும் வணிகம் செய்ய வந்த அர்மீனியக் கிறிஸ்தவர்கள் 1772-இல் கட்டிய தேவாலயம் இத்தெருவில் இன்றும் உள்ளது. உலகின் முதல் அர்மீனிய மொழி இதழான 'அஸ்தரார்' 1794-இல் அச்சானது அர்மீனியாவில் அன்று, இந்தச் சென்னையில்தான். அதை நடத்திய பாதிரியார் ஷ்மவோனியன் இவ்வளாகத்திலேயே அடக்கமாகியுள்ளார். இன்று அர்மீனியர் இந்நகரில் இல்லை என்றே சொல்லலாம். ஆயினும் அவர்களது தேவாலயத்தை நகரம் காத்து வருகின்றது. எண்ணிக்கையில் குறைந்தோரின் நினைவையும் பேணுவதே ஒரு நகரின் பண்பாடு என்பதை இதைக் காட்டிலும் தெளிவாக விளக்க முடியாது.

பக்கத்தில் செந்நிறக் குவிமாடங்களுடன் எழுந்து நிற்பது 1892-இல் திறக்கப்பட்ட உயர்நீதிமன்றம். அதன் உயர்ந்த கோபுரம் 1894 முதல் 1977 வரை கப்பல்களுக்குக் கலங்கரை விளக்கமாகப் பயன்பட்டது. இக்குவிமாடங்களையும் வளைவுகளையும் பிள்ளைகள் மனத்தில் இருத்திக் கொள்ளட்டும். இவை எங்கிருந்து வந்தன என்பதற்கு விடை, மாலையில் கிடைக்கும்.

எழும்பூரில் ஒரு முற்பகல்

பிள்ளைகளுடன் செல்வோர் எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தைத் தவிர்க்கலாகாது. 1851-இல் தொடங்கப்பட்டது இது. சோழர் காலச் செப்புத் திருமேனிகளும், ஆந்திரத்து அமராவதியின் பௌத்தச் சிற்பங்களும் இங்குள்ளன. வளாகத்திலுள்ள கன்னிமாரா பொது நூலகம் 1896-இல் திறக்கப்பட்டது. நாட்டில் வெளியாகும் நூல்களின் படி ஒன்று இங்கு வந்து சேர வேண்டும் என்பது சட்டம். படிப்பில் ஆர்வமுள்ள மகளை அந்நூலகத்தின் பழைய மண்டபத்தில் ஒருமுறை நிறுத்திப் பாருங்கள். ஊர் திரும்பியபின் அவள் கேட்கும் கேள்விகளே மாறிவிடும்.

இந்த அருங்காட்சியகத்தின் முதல் பொறுப்பாளர் எட்வர்ட் பால்ஃபர் என்னும் ஸ்காட்லாந்து நாட்டு மருத்துவர். அவர் நம் சமுதாயத்திற்குச் செய்த நன்மை ஒன்று பலரும் அறியாதது. அருங்காட்சியகத்திற்கு ஓராண்டு முன்பே, 1850-இல், திருவல்லிக்கேணியில் முஹம்மதியப் பொது நூலகம் உருவாகக் காரணமாயிருந்தவர் அவரே. அவர் வேண்டுகோளை ஏற்று ஆற்காட்டு நவாப் தமது விலங்குகளை அருங்காட்சியகத்திற்கு அளித்தார். அதன் பயனாக 1855-இல் ஒரு விலங்குக் காட்சிசாலை பிறந்தது. பின்னர் சென்ட்ரல் ரயில் நிலையத்தருகே இருந்த மக்கள் பூங்காவிற்கு மாறி, 1985-இல் வண்டலூருக்குச் சென்று, இன்று அறிஞர் அண்ணா உயிரியல் பூங்காவாக விளங்குவது அதுவே. நவாபின் கொடையும் ஓர் அயல்நாட்டவரின் உழைப்பும் சேர்ந்து, இன்று எல்லாச் சமயத்துப் பிள்ளைகளும் புலி பார்த்து மகிழும் இடமாகி நிற்கின்றன.

ஒரு குறிப்பு: எழும்பூர் அருங்காட்சியகத்திற்கும் கோட்டை அருங்காட்சியகத்திற்கும் வெள்ளிக்கிழமை விடுமுறை, வண்டலூர்ப் பூங்காவிற்குச் செவ்வாய்க்கிழமை விடுமுறை. ஆகவே வெள்ளியன்று செல்வோர் ஜும்ஆவைத் திருவல்லிக்கேணியில் நிறைவேற்றும்படி திட்டமிடுவது நலம்.

திருவல்லிக்கேணி வாலாஜா பள்ளி

சென்னையில் ஓரிடம் மட்டுமே காண நேரமுண்டு என்பவர்க்கு நாம் சொல்வது திருவல்லிக்கேணி. அங்குள்ள வாலாஜா பெரிய பள்ளிவாசல் 1795-இல் நவாப் குடும்பத்தாரால் கட்டப்பெற்றது. சாம்பல் நிறக் கருங்கல்லால் ஆனது. கட்டுமானத்தில் இரும்போ மரமோ சேர்க்கப்படவில்லை. பரந்த திடலும், இருபுறமும் உயர்ந்த மினாராக்களும், தொழுகைக் கூடத்தின் குளிர்ச்சியும் வெயிலில் வந்தவர்க்குப் பெரும் ஆறுதல்.

இப்பள்ளியின் உள்ளே பாரசீக மொழியில் ஒரு கல்வெட்டு உண்டு. அரபு எழுத்து ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் மதிப்பு உள்ளதை நாமறிவோம். அந்த அப்ஜத் கணக்கின்படி, இறைவனை நினைவுகூர்தலே மிகப் பெரியது என்னும் பொருள்படும் ஒரு தொடரின் எழுத்துகளைக் கூட்டினால் 1209 வரும். அதுவே பள்ளி எழுந்த ஹிஜ்ரி ஆண்டு. இத்துணை நயமாக அதை இயற்றியவர் யார்? நவாபின் செயலாளராயிருந்த ராஜா மக்கன் லால் என்னும் இந்துப் பெருமகனார். இறையில்லத்தின் கல்லில் தம் அவைப் புலவரின் வரியைப் பொறிக்கும்போது, அவர் எச்சமயத்தார் என்று நவாப் குடும்பத்தார் தயங்கவில்லை. தொழுவோர் இருநூறு ஆண்டுகளுக்கும் மேலாக அதன் முன் தொழுது வருகின்றனர்.

பள்ளி வளாகத்தில் அடக்கமாகியுள்ளோரில் இருவரைக் குறிப்பிட வேண்டும். ஒருவர், இலக்னோவின் புகழ்பெற்ற ஃபிரங்கி மஹல் கல்விப் பரம்பரையிலிருந்து இங்கு வந்த பெரும் ஆலிம், 'பஹ்ருல் உலூம்' - கல்விக் கடல் - எனப் பட்டம் பெற்ற அப்துல் அலீ (ரஹ்) அவர்கள். மற்றவர், திருநெல்வேலியில் பிறந்து, அரசியல் நிர்ணய சபையில் தமிழின் தொன்மையை எடுத்துரைத்து அதற்காக வாதாடிய காயிதே மில்லத் முஹம்மது இஸ்மாயீல் சாகிப் அவர்கள். 1972 ஏப்ரல் 5 அன்று அவர்கள் மறைந்தார்கள். வடக்கிலிருந்து வந்த ஆலிமும் தெற்கிலிருந்து வந்த தலைவரும் ஒரே வளாகத்தில் துயில்கின்றனர்.

ரமளானில் செல்வோர் இன்னொரு காட்சியையும் காணலாம். மாலையில் நோன்பாளிகள் வரிசையாக அமர, அவர்களுக்கு உணவு பரிமாறுவோரில் முஸ்லிமல்லாத தொண்டர்கள் இருப்பர். நாட்டுப் பிரிவினையின்போது சிந்து மாகாணத்திலிருந்து அகதியாக வந்த தாதா ரத்தன்சந்த் என்பவர் நிறுவிய சூஃபிதார் அறக்கட்டளையினர் அவர்கள். மயிலாப்பூரில் தாமே சமைத்துக் கொண்டுவந்து, முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக இப்பள்ளியில் நோன்பு திறக்க உதவி வருகின்றனர். பிரிவினையில் வீடு வாசலை இழந்தோர் மனத்தில் கசப்பு வளர்வதே எளிது. அவர்கள் வளர்த்ததோ இந்த உபசரிப்பு. இக்காட்சியைக் கண்ட பிள்ளைக்கு நல்லிணக்கத்தைப் பற்றித் தனியே சொற்பொழிவு ஆற்ற வேண்டிய தேவை இராது.

பள்ளியிலிருந்து நடை தூரத்தில் பல்லவர் காலத்துப் பார்த்தசாரதி கோயிலும், அதற்கருகே துளசிங்கப் பெருமாள் கோயில் தெருவில் மகாகவி பாரதியார் தம் இறுதி நாள்களில் வாழ்ந்த இல்லமும் உள்ளன. அவ்வில்லம் இன்று நினைவகம். அக்கோயில் யானையால் தாக்குண்டு உடல் நலிந்த பாரதியார் 1921 செப்டம்பரில் காலமானார். ஒரே பேட்டையில் பள்ளிவாசலும் கோயிலும் கவிஞர் இல்லமும் இருக்க, தெருக்களில் பேரீச்சம் பழக் கடையும் பூக்கடையும் அடுத்தடுத்து நடைபெறுகின்றன.

சேப்பாக்கமும் கடற்கரையும்

வாலாஜா சாலை வழியே கடலை நோக்கிச் சென்றால் சேப்பாக்கம் அரண்மனை. ஆற்காட்டிலிருந்து சென்னைக்குக் குடிபெயர்ந்த நவாப் வாலாஜாவுக்காக 1768-இல் எழுந்தது. கலஸ் மஹால், ஹுமாயூன் மஹால் என இரு பகுதிகள். இதன் வளைவுகளும் குவிமாடங்களுமே, பின்னர் 'இந்தோ-சாரசெனிக்' என்று புகழ்பெற்ற கட்டடப் பாணிக்கு இந்நாட்டில் தொடக்கம் என்பர். ராபர்ட் சிசம் என்ற கட்டடக் கலைஞர் எதிரே 1870-களில் எழுப்பிய பல்கலைக்கழக செனட் மண்டபத்தைப் பாருங்கள். காலையில் கண்ட உயர்நீதிமன்றத்தை நினைவுபடுத்திக் கொள்ளுங்கள். வெளிநாட்டார் சென்னையின் அடையாளமாகப் படம் பிடித்துச் செல்லும் கட்டடங்கள் பலவும் இந்த ஒரு மரபின் வழிவந்தவை. நவாபின் இரசனையும், ஆங்கிலேயரின் பொறியியலும், நம் கொத்தர்களின் கைத்திறனும் அவற்றில் பிரிக்க முடியாதபடி கலந்துள்ளன.

அரண்மனையின் வரலாற்றில் துயரமும் உண்டு. 1855-இல் கடைசி நவாப் குலாம் கவுஸ் கான் வாரிசின்றி மறைந்தார். ஆங்கிலேயர் பட்டத்தை ஒழித்தனர். கடனுக்காக அரண்மனை ஏலத்திற்கு வர, அரசாங்கமே அதை வாங்கி அலுவலகமாக்கியது. நவாபின் வழியினர் பின்னர் 'ஆற்காட்டு இளவரசர்' என்ற பட்டத்துடன் 1876 முதல் இராயப்பேட்டை அமீர் மஹாலில் வாழ்கின்றனர். 2012 ஜனவரியில் கலஸ் மஹால் தீக்கிரையாகி மேற்கூரை இடிந்தது. இடித்துத் தள்ளிவிடலாம் என்று எண்ணியிருந்தால் வரலாறே அழிந்திருக்கும். ஆனால் பழைய முறைப்படி சுண்ணாம்புக் காரை கொண்டு பொதுப்பணித் துறையினர் அதனை மீண்டும் உருவாக்கினர். இன்று அங்குத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு நடைபெறுகின்றது. எனவே உள்ளே சுற்றிப் பார்க்க இயலாது. சாலையிலிருந்தே காண வேண்டும்.

மாலைப் பொழுதுக்கு மெரினா இருக்கவே இருக்கிறது. சுண்டலும் காற்றும் போதும். ஆனால் ஓர் எச்சரிக்கை: அலையின் உள்ளிழுப்பு அங்குக் கடுமை. கடலில் இறங்கிக் குளிப்பது தடை செய்யப்பட்டுள்ளது. உயிரிழப்புகள் நேர்ந்த கரை அது. பிள்ளைகளை நீர் விளிம்பில் தனியே விட வேண்டா.

இரண்டாம் நாள் தங்குவோர் சாந்தோம் பேராலயத்தையும் காணலாம். இயேசுவின் சீடர் தோமாவின் கல்லறை மீது எழுந்ததாகக் கிறிஸ்தவர்கள் போற்றும் இடம். இன்றுள்ள கட்டடம் 1896-இல் நிறைவுற்றது.

விருந்தினரின் ஒழுக்கம்

பிற சமயத்தார் தலங்களைப் பார்ப்பது நமக்குத் தகுமா என்று சிலர் ஐயுறலாம். காண்பது வேறு, வழிபடுவது வேறு. நம் பள்ளியைக் காண வரும் அண்டை வீட்டாரிடம் நாம் எத்தகைய ஒழுக்கத்தை எதிர்பார்க்கிறோமோ, அதே ஒழுக்கத்தோடு நாம் சென்றால் போதும். வழிபாட்டு நேரத்தில் இடையூறு செய்யாமை, காலணியைக் கழற்றுதல், அனுமதி கேட்டபின் படம் எடுத்தல், உள்ளே விடாத இடத்தில் வாதிடாமல் வெளியிலிருந்து கண்டு திரும்புதல், அங்கேயே நின்று குறை கூறாமை. இவை பெரிய காரியங்கள் அல்ல. ஆனால் பிள்ளைகள் இவற்றைத்தான் நம்மிடமிருந்து கற்கின்றனர்.

பெண்கள் பொருட்டு ஒரு வேண்டுகோள். எந்தப் பள்ளியில் பெண்கள் ஒளுச் செய்யவும் தொழவும் வசதி உண்டு என்பதைப் பயணத்திற்கு முன்பே விசாரித்துக் கொள்ளுங்கள். ஆண்கள் முறை வைத்துப் பைகளைக் காவல் காத்தால், தாயும் மகளும் கல்வெட்டைப் பற்றிக் கேட்டறியவும் நூலகத்தைப் பார்க்கவும் நேரம் கிடைக்கும். மஹல்லா ஜமாஅத்துகளும் மதரஸாக்களும் ஆண்டுக்கு ஒருமுறை, தாய்மாரையும் சிறுமியரையும் சேர்த்தே, இத்தகைய பயணத்தை ஏற்பாடு செய்யலாம். ஒரு வேன், மதியத்திற்குப் பொட்டலச் சோறு, விவரம் தெரிந்த ஓர் ஆசிரியர் - இவை போதும்.

தனித்தனிப் பட்டியல்களால் நேரும் கேட்டையும் எண்ணிப் பார்க்க வேண்டும். நாம் பள்ளிவாசல்களை மட்டும் காட்டி, பிறர் கோயில்களை மட்டும் காட்டி, இன்னொருவர் தேவாலயங்களை மட்டும் காட்டினால், ஒரே நகருக்குச் சென்ற மூன்று பிள்ளைகள் மூன்று வேறு ஊர்களைக் கண்டு திரும்புவர். பின்னர் ஒருவர் மற்றவரைச் சந்திக்கும்போது பேச ஒன்றும் இராது. மக்கன் லாலின் கல்வெட்டைக் கண்ட பிள்ளையும், அர்மீனியர் தேவாலயத்தைக் கண்ட பிள்ளையும் அவ்வாறு ஆகார்.

இவ்வளவுக்கும் நாள் ஏது என்று மலைக்க வேண்டா. அடுத்த முறை மருத்துவரைக் காணவோ, மகனை விமானம் ஏற்றவோ சென்னை செல்லும்போது, அரை நாள் மட்டும் கூடுதலாக ஒதுக்குங்கள். ளுஹரை வாலாஜா பள்ளியில் தொழுது, பாரதியார் இல்லம் வரை நடந்து, அஸருக்குப்பின் சேப்பாக்கம் அரண்மனையைச் சாலையிலிருந்து பார்த்து, மஃரிபுக்கு முன் கடற்கரையில் சற்று அமருங்கள். இல்லத்தரசியையும் பிள்ளைகளையும் தவறாமல் உடன் அழைத்துச் செல்லுங்கள். இன்ஷா அல்லாஹ், அந்த அரை நாள் அவர்கள் நினைவில் நெடுங்காலம் நிற்கும்.